மூன்று கார்டும் ஒரு காலிக் கட்டமும்

காது அடைத்துக்கொண்டது.

தரைத்தளத்தில், மேஜைக்கு முன்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு, தண்ணீருக்குள் பத்தடி இறங்கினால் எப்படி அடைக்குமோ அப்படி இரண்டு காதும் ஒன்றாக அடைத்துக்கொண்டன. கோச் யோசிக்கவே இல்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுந்து மூக்கைப் பிடித்தது, வாயை மூடிக்கொண்டு மெல்ல ஊதினாள், 'டப்' என்று காது திறந்தது. கையை எடுத்த பிறகுதான் உறைத்தது. ஆபீஸ் ரூமில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு எதற்குக் காது அடைக்க வேண்டும்?

"சனியன்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்பது நாளாக யாரைப் பார்த்தாலும், எதைப் பார்த்தாலும் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

ஒன்பது நாளாக டைவிங் ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. அவளும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற இடம். தண்ணீரில் காலே நனைக்காத தம்பிக்கு ஆபீஸும் கணினியும் பொறுப்பு, தண்ணீர் அவள் பொறுப்பு. ஆழ்கடலில் மூச்சுக் கருவியோடு இறங்கக் கற்றுக்கொடுத்து, பரீட்சை வைத்து, பெரிய பயிற்சி அமைப்புகளின் பேரில் கார்டு வாங்கித் தருவார்கள். அவளுக்கு நிஜப் பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் அவள் கோச்தான். கண்டிப்புக்குப் பேர் போனவள். ஒரு பயிற்சியைப் பத்து தடவை செய்தாலும் பதினோராவதாக "இன்னொரு தடவை" என்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அதையே பட்டப்பேராக வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவளின் கையில்தான் ஒரு ஆள் செத்துப்போனார்.

பல் டாக்டர். ஐம்பதை நெருங்குகிற, சாந்தமான மனுஷன். ஏற்கெனவே இரண்டு அமைப்புகளின் கார்டு வைத்திருந்தார். மூன்றாவதுக்கு இவளிடம் வந்தார். சிலருக்கு ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரி அவருக்குக் கார்டு. கடலுக்குள் பதினெட்டு மீட்டரில் அவருடைய சிலிண்டரில் காற்று தீர்ந்தது. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேர் நெஞ்சிலும் மஞ்சள் நிறத்தில் உபரி மூச்சுக்குழாய் தொங்கியது. கையைத் தட்டையாக வைத்துக் கழுத்துக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். 'எனக்குக் காற்று இல்லை' என்று அதற்கு அர்த்தம். எந்த அமைப்பானாலும் சைகை ஒன்றுதான். பார்த்தவர் தன் மஞ்சள் குழாயை எடுத்து நீட்டுவார், இருவரும் மூச்சைப் பகிர்ந்துகொண்டு மேலே வருவார்கள். பயிற்சித்தாளில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. மூன்று கார்டுக்கும் மூன்று தடவை டிக் ஆன கட்டம்.

டாக்டர் அந்தச் சைகையைக் காட்டவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, 'எல்லாம் சரி' என்று காட்டினார். இவள் இன்னொரு பெண்ணின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரி என்று பதிலுக்குக் காட்டினாள். மறுபடியும் முன்னால் வந்து நின்று வளையம் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையை அமர்த்தினாள். மூன்றாவது தடவை காட்டியபோது, "தெரியுதுய்யா, சரின்னு தெரியுது" என்று மனசுக்குள் பொரிந்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தேகம் வந்தால் முட்டி போட்டுக் காத்திருங்கள் என்று பயிற்சிக் குளத்தில் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வாயில் குழாய் இல்லை. விரல் மட்டும் வளையமாகவே இருந்தது.

"தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" ஒன்பது நாளாக அந்த மனுஷனோடு சண்டை. செத்தவரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா? ஜெயிக்கும்வரை விடுகிற ஜென்மம் இல்லை அவள்.

முதல் கார்டு கொடுத்த ஆளுக்கு, சுருட்டை முடிக்காரன் அவன், போன் போட்டுக் கத்தினாள். "அன்னிக்கு அவருக்கு ஜலதோஷம், கோச். ஒரே ஒரு பயிற்சிதானே, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு டிக் போட்டுட்டேன்" என்றான், பால் வாங்க மறந்த மாதிரி. இரண்டாவது கார்டு கொடுத்த மீசைக்காரரைக் கேட்டால், "முதல் கார்டுலேயே அது இருக்கேம்மா, திரும்ப எதுக்குன்னு விட்டேன்" என்றார். நாசமாய்ப் போங்கள் என்று இருவரையும் சபித்துவிட்டுப் போனை மேஜையில் வீசினாள்.

இவள் ஏன் விட்டாள்? அதைக் கேட்கத்தான் இன்று நாலு மணிக்கு அமைப்பின் விசாரணை அதிகாரி வருகிறார். இப்போது மணி மூன்றேகால். மேஜை மேல் டாக்டரின் பயிற்சித்தாள். இருபத்துநாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோச்சின் டிக், அதற்கும் பக்கத்தில் மாணவரின் சுருக்கக் கையெழுத்து, ஒரு சுழியும் ஒரு கோடும். இருபத்துமூன்று சுழி, இருபத்துமூன்று கோடு. இருபத்துநாலாவதில் அவளுடைய டிக் மட்டும் தனியாக நின்றது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, போட்டாச்சா?"

"என்னத்தைப் போடணும்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒரு சுழி, ஒரு கோடு. அது இல்லைன்னா உங்க லைசன்ஸ் போச்சு, ஸ்கூலுக்குப் பூட்டுதான். இருந்துச்சுன்னா, கத்துக் கொடுத்தோம், அவரு பதறி மறந்துட்டாருன்னு ஃபைலை மூடிடுவாங்க."

"செத்த மனுஷன் மேல பழியைத் தூக்கிப் போடச் சொல்றே."

"உயிரோட இருக்கிற உங்க மேல போடட்டுமா? ஸ்லேட்டை அழிச்சீங்களா?"

அதை அழித்துவிட்டாள். தண்ணீருக்குள் தாளைக் கொண்டுபோக முடியாது. அதனால் குளத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் டிக் போட்டு, மேலே வந்ததும் தாளுக்கு மாற்றுவது அவள் வழக்கம். ஸ்லேட்டில் கடைசி வரி காலியாக இருந்தது. நேற்று பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, உபகரண அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அழிச்சாச்சு. வை."

"நான் அதிகாரியைக் கூட்டிக்கிட்டு மூணே முக்காலுக்கு வந்துடுவேன். நல்ல முகமா இருங்க, அக்கா. கோவத்தைக் கொஞ்ச நேரம் பீரோவுல வைங்க."

அவள் பல்லைக் கடித்தாள். கடிக்கும்போதே அந்த மனுஷன் ஞாபகம் வந்தது. முதல் வகுப்பிலேயே அவளுடைய மூச்சுக்குழாயின் வாய்ப்பகுதியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரப்பர்ல பாருங்க, எவ்வளவு ஆழமா பல் பதிஞ்சிருக்கு. யார் மேல கோச் இவ்வளவு கோவம்? ஒரு நாள் கிளினிக்குக்கு வாங்க, பாத்து விடுறேன்." வேறு யாராவது சொல்லியிருந்தால் தண்ணீரில் முக்கியிருப்பாள்.

பேனாவை அழுத்தினாள். ஒரு சுழி. ஒரு கோடு. முத்து மாதிரி வந்தது, அவரே போட்ட மாதிரி. பேனாவை மூடுவதற்குள் இரண்டு காதும் மறுபடி அடைத்துக்கொண்டன, இந்தத் தடவை வலியோடு.

மூக்கைப் பிடித்து ஊதினாள். ஒரு காதுதான் திறந்தது.

வெளியே மழை தொடங்கியிருந்தது. தகரக் கூரை மேல் விழுகிற மழைச் சத்தத்துக்கு அடியில், ஒன்பது நாளாக ஆள் புழங்காத கட்டடத்தின் வாசனை, காய்ந்த ரப்பரும் குளோரினும் ஈரம் போன துணியும் கலந்த வாசனை, அறைக்குள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்தது. அது தனக்குப் பழக்கமான வாசனைதான், இதற்கெல்லாம் மிரள நான் என்ன சின்னப் பிள்ளையா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அப்போது அந்த வாசனைக்குள் வேறொன்று வந்து சேர்ந்தது. உப்பு. கடலுப்பு. இங்கிருந்து கடல் ஒரு மணி நேரப் பயணம்.

மறுபடி போன். தம்பி என்று நினைத்து, "போட்டுத் தொலைச்சுட்டேன்டா!" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "மேடம், நான் டாக்டரோட மனைவி."

கோச் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களைத் தொந்தரவு பண்ணணும்னு இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்." அந்த அம்மா அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தக் காத்து வாங்கிக்கிற பயிற்சி. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா? அவரு வீட்டுக்கு வந்து தினமும் எனக்குச் செஞ்சு காட்டுவாரு. சோபாவுல உக்காந்து, இது மேல போ, இது சரின்னு. அது மட்டும் காட்டினதே இல்லை. அவரு மறந்திருந்தா மறந்துட்டாருன்னு மனசைத் தேத்திக்குவேன். சொல்லிக் கொடுக்கலைன்னா, அதையும் சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. வாய் வரை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அந்தக் குளத்து நாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தண்ணீருக்கு மேலே தலை நீட்டியபோது தம்பி கரையில் நின்று, அடுத்த பேட்ச் வந்துவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் என்றான். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கரையேறிக் கால்மணி நேரம் அவனை வறுத்தெடுத்தாள். கீழே டாக்டர் ஒருவர்தான் பாக்கி, கடைசிப் பயிற்சிக்காக முட்டி போட்டுக் காத்திருந்தார். அவள் கோபத்தோடு இறங்கி, மேலே வாருங்கள் என்று சைகை காட்டினாள். ஆபீஸில் தாளை நீட்டியபோது அவர் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "இது நாம செய்யலையே, கோச். எனக்கு இது சரியா தெரியாது." தெரியாது என்று சொன்னார். சொல்லித்தான் இருந்தார். "ரெண்டு கார்டு வச்சிருக்கீங்க, டாக்டர், இது தெரியாதா?" என்று சீறியபடி டிக் போட்டவள் இவள்தான். அவர் சங்கடமாகச் சிரித்து, அந்தக் கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் தந்தார்.

"மேடம்?"

"சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் கோச். "ரெண்டு தடவை. நல்லா செஞ்சாரு."

"அப்படியா." ஒரு பெருமூச்சு. "சரிங்க. அவரு மறந்துட்டாருன்னு நினைச்சுக்கறேன்."

போன் வைக்கப்பட்ட சத்தம் அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. இரண்டு காதும் அடைத்துவிட்டன. மூக்கைப் பிடித்து ஊதினாள், திறக்கவில்லை. மழைச் சத்தம் மங்கியது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் தெளிவாக, காதுக்குள்ளேயே கேட்டது.

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு இழுப்பு. குளுகுளுவென்று குமிழிகள்.

மறுபடி ஒரு இழுப்பு. யாரோ சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்கிறார்கள். இந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பின்பக்கத்திலிருந்து, பயிற்சிக் குளம் இருக்கிற கொட்டகையிலிருந்து வந்தது.

பயம் வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. எவனோ உள்ளே புகுந்திருக்கிறான். சாமான் திருட வந்திருக்கிறான், இல்லை, பத்திரிகைக்காரன் எவனாவது படம் எடுக்க வந்திருக்கிறான். "எவன்டா அது?" என்று எழுந்தாள். தன் குரல் தனக்கே போர்வைக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருந்தது.

உபகரண அறை வழியாகத்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். வரிசையாகத் தொங்கிய ரப்பர் உடைகள் காய்ந்து விறைத்திருந்தன. ஸ்லேட் வைத்த அலமாரி திறந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடியே கொண்டியில் தொங்கியது. கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளே ஸ்லேட் இல்லை.

தம்பிதான். வேறு யார்? அவனிடம்தான் இன்னொரு சாவி. அக்காவை நம்பாமல் எடுத்துப் போயிருக்கிறான். பூட்டை அவள் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

குளத்தில் தண்ணீர் இல்லை. ஸ்கூல் மூடியிருக்கிற நேரத்தில் ஓடு மாற்றிவிடலாம் என்று தம்பி மூன்று நாள் முன்னால் எல்லாவற்றையும் வடித்துவிட்டான். ஒரு உயிர் போயிருக்கிறது, இவனுக்கு ஓடு. அதற்கும் அன்று ஒரு பாட்டம் கத்தினாள். இப்போது ஐந்து மீட்டர் ஆழத்துக்கு நீல ஓடு பதித்த வெறும் குழி. ஆள் இல்லை. சத்தமும் நின்றிருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த மழை வெளிச்சம் மட்டும் அடித்தரையில் அலை அலையாக நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருந்தால்தான் அப்படி நெளியும்.

நடுவில், தரையில், வெள்ளையாக ஸ்லேட் கிடந்தது.

மேலிருந்தே பார்த்தாள். அதில் எழுத்து இருந்தது. பென்சில் கோடுகள், வரிசையாக டிக், கடைசி வரி காலி. நேற்று அவள் தேய்த்துத் தேய்த்து அழித்த எழுத்து. மணி மூன்றரை. இன்னும் கால்மணியில் அதிகாரி வந்து இந்தக் கரையில் நிற்பார், எட்டிப் பார்ப்பார். அவள் லைசன்ஸ், ஸ்கூல், இருபது வருஷம், எல்லாம் அந்தத் துண்டுப் பிளாஸ்டிக்கில் கிடந்தது.

"உன்னை நான் அழிக்காம விடமாட்டேன்" என்றாள். இரும்பு ஏணியில் கால் வைத்தாள்.

மூன்றாவது படியில் காது அழுந்தியது. ஏழாவது படியில் வலித்தது. இறங்க இறங்கக் காதைச் சமன் செய்ய வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், காய்ந்த ஏணியில், காய்ந்த உடையோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஊதி ஊதி இறங்கினாள். சட்டை நெஞ்சோடு ஒட்டியது. குளிர் மேலிருந்து கீழாக இறங்காமல், கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. தலைமுடி தோளை விட்டு மெல்ல மேலே எழும்பி, முகத்துக்குப் பக்கத்தில் அசைந்தது. வேண்டாம், ஏறிவிடு என்று உடம்பு கெஞ்சியது. ஸ்லேட் நாலடி தூரத்தில் இருந்தது.

தரையில் கால் வைத்தாள். குனிந்தாள். எடுத்தாள்.

ஈரம்.

நிமிர்ந்தாள்.

அவர் இருந்தார். முட்டி போட்டு. ஓட்டின் மேல். அன்றைக்குக் காத்திருந்த அதே இடம். கறுப்பு உடை. முதுகில் சிலிண்டர். வாயில் குழாய். நெஞ்சில் மஞ்சளாக இன்னொன்று. கண்ணாடிக்குள் அந்தக் கண்கள், சாந்தமாக, கொஞ்சம் சங்கடமாக.

ஸ்ஸ்ஸ்... குமிழிகள் மேலே போயின. இல்லாத தண்ணீரில்.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நெஞ்சு விரிந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. ஏணிக்குத் திரும்பினாள். முட்டி மடங்கியது. தானாக. ஓட்டில் பதிந்தது. எழவில்லை.

அவர் கை நீட்டி அவள் விரலிலிருந்து ஸ்லேட்டை வாங்கிக்கொண்டார். மரியாதையாக. மாணவர் வாங்குகிற மாதிரி.

கோச் மஞ்சள் குழாயை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. உடம்பையே எறிந்து நீட்டினாள். ஒரு சாண். பிறகு, இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுத்த கை, தட்டையாகி, அவள் கழுத்துக்குக் குறுக்கே போனது. காற்று இல்லை. எனக்குக் காற்று இல்லை.

டாக்டர் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். புரியவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மேலே நிழல் ஒன்று அசைந்தது. கரையில் தம்பி. கையில் குடை. அவன் குரல் ரொம்ப உயரத்திலிருந்து, மெல்லிசாக வந்தது.

"அக்கா? காலிக் குளத்துல உக்காந்து என்ன பண்றீங்க? அதிகாரி வந்தாச்சு."

முகத்தைத் தூக்கினாள். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள். இழுத்தாள். இழுத்தாள்.

"ஐயோ, சரி, சரி! கழுத்தை அறுப்பேங்கிறீங்க, அவ்வளவுதானே? வந்தவருக்கு முன்னால என்னைத் திட்டாதீங்க. ஆத்திரம் தீர்ந்ததும் மேல வாங்க. நான் அவருக்கு டீ குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கேன்."

செருப்புச் சத்தம் போய்விட்டது.

கண் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. எதிரே அவர் ஸ்லேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிதானமாக. அவசரமே இல்லாமல். எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'இன்னொரு தடவை.'

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்டினார். எல்லாம் சரி. காத்திருந்தார்.

கோச் கையைத் தட்டையாக்கிக் கழுத்துக்குக் கொண்டுபோனாள்.